வீட்டுச் சிக்கனம் அடுப்பில் தொடங்கட்டும்

உழவர் வீடுகளில் கணக்கு நோட்டு வைத்திருப்போர் விதை, உரம், மருந்து, ஆள் கூலி, வண்டி வாடகை எனத் தனித்தனியே செலவு எழுதுவது உண்டு. ஆனால் அடுப்பு எரிவதற்கும், விளக்கும் விசிறியும் ஓடுவதற்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் விடை சொல்வோர் வெகு சிலரே. சிலிண்டர் பணம் ஒரு நாள் போகிறது. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறது. விறகுக்கோ வறட்டிக்கோ பணமே போவதில்லை என்ற நினைப்பு. இப்படிப் பிரிந்து பிரிந்து போவதால் மொத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எரிசக்திச் சிக்கனம் என்றதும் எல்லோரும் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். விளக்கை அணையுங்கள், சிக்கன பல்பு போடுங்கள் என்ற அறிவுரை பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது தவறல்ல. ஆனால் ஐந்து ஏக்கருக்குள் நிலமும் இரண்டு மூன்று மாடுகளும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பணமும் உழைப்பும் அதிகமாகப் போவது விளக்கில் அல்ல, அடுப்பில்தான். ஆகவே சிக்கனமும் அடுப்படியில் தொடங்க வேண்டும். மீட்டர் அதற்கு அடுத்தது.

செலவு எங்கே போகிறது?

சிறு விவசாயக் குடும்பத்தின் எரிசக்திச் செலவு மூன்று வழிகளில் வெளியேறுகிறது. முதலாவது, சமையல் எரிவாயு. 14.2 கிலோ சிலிண்டரின் விலை சென்னையில் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக இருந்தது. 2024 மார்ச்சில் 818 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. பிறகு 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏறியது. ஏறுவதும் இறங்குவதும் உழவர் கையில் இல்லை. அறுவடைக்கு முந்திய மாதங்களில், கையில் காசு இல்லாத நேரத்தில் சிலிண்டர் தீர்ந்தால் பல வீடுகளில் மீண்டும் விறகடுப்பு புகைகிறது.

இரண்டாவது, விறகும் வறட்டியும். இவற்றுக்கு விலை இல்லை என்று நினைப்பது பெரும் பிழை. விறகு பொறுக்கவும், வெட்டவும், சுமக்கவும் பெண்கள் செலவிடும் நேரம் கூலி வேலைக்குப் போகக்கூடிய நேரம். வறட்டியாகத் தட்டி எரிக்கும் சாணம் வயலுக்குப் போக வேண்டிய எரு. அடுப்பில் எரியும்போது அதிலுள்ள தழைச்சத்து முழுவதும் புகையோடு போய்விடுகிறது. அதே குடும்பம் பிறகு யூரியா மூட்டைக்குக் கடைக்குப் போகிறது. இவை தவிர, புகை உண்டாக்கும் கேடும் உண்டு. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கண் எரிச்சலும் இருமலும் அடுப்படியில் நிற்பவருக்குத்தான் வருகின்றன. கணக்கு நோட்டில் அவற்றுக்கு இடமில்லை.

மூன்றாவதுதான் மின்கட்டணம். இதில் 2016-ஆம் ஆண்டிலேயே, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்தது. அளவாகப் புழங்கும் சிறு குடும்பங்களுக்கு மின்கட்டணம் பெரும் சுமையாக இல்லாததற்கு இது ஒரு காரணம்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

அடுப்படிச் சிக்கனத்தில் பாதி, எந்தப் பொருளும் வாங்காமலே கிடைக்கும். இதற்கு அடிப்படையான உண்மை ஒன்றே. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர், தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்கு மேல் சூடாகாது. வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். ஆகவே கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்க வேண்டும். அரிசியும் பருப்பும் வேகும் நேரம் அதனால் கூடிவிடாது. எரிவாயு மட்டும் மிஞ்சும்.

பாத்திரத்தை எப்போதும் மூடி வைத்தே சமைக்க வேண்டும். பாத்திரத்தின் அடிக்கு வெளியே பரவும் தீ காற்றைத்தான் சூடாக்குகிறது. எனவே சிறு பர்னருக்குச் சிறு பாத்திரம், பெரிய பர்னருக்கு அகன்ற பாத்திரம் என்று பொருத்திக்கொள்வது நல்லது. தீ நீல நிறமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரின் துளைகளில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். பர்னரைக் கழற்றி, துளைகளைப் பழைய தூரிகையால் துடைத்து, கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும்.

துவரம் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்தாலே வேகும் நேரம் வெகுவாகக் குறையும். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். புழுங்கல் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் இடலாம். பிரஷர் குக்கரில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடாவதால் பருப்பும் கிழங்கும் விரைவில் வெந்துவிடும். அதிலும் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். விசில் அடித்துக்கொண்டே இருந்தால் வெளியே போவது நீராவி மட்டுமல்ல, காசும்தான்.

வைக்கோல் உள்ள வீட்டில் வைக்கோல் கூடை ஒன்று தயாரித்துக்கொள்ளலாம். ஓர் அகன்ற மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடை கனத்துக்கு வைக்கோலை இறுக்கித் திணித்து, நடுவில் சோற்றுப் பானை அமரும்படி குழி விட வேண்டும். அளவாகத் தண்ணீர் விட்ட அரிசி அடுப்பில் நன்கு கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும், மூடியைத் திறக்காமல் பானையைக் கூடையில் இறக்கி, மேலே வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டு மூடிவிட்டால், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் சோறு தானே வெந்துவிடும். சூடு வெளியே போகாமல் காப்பதுதான் இதன் தத்துவம். குழையாது, அடி பிடிக்காது, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வெந்த சோற்றை வெகு நேரம் கூடையிலேயே விட்டுவைக்காமல் எடுத்துப் பரிமாறிவிட வேண்டும். செலவு ஒரு கூடையும் ஒரு சாக்கும்தான்.

விறகு காயட்டும்

விறகடுப்பை முற்றிலும் விட்டுவிடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. நெல் புழுக்க, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க, வெந்நீர் போட, விசேஷ நாட்களில் பெருஞ்சமையல் செய்ய விறகு தேவைப்படுகிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலமும், கடலூர்ப் பக்கம் சவுக்கு மிலாறும், பொள்ளாச்சியிலும் தஞ்சையிலும் தென்னை மட்டையும் பாளையும், விருதுநகர்ப் பக்கம் பருத்தி மாரும் எரிபொருளாகின்றன. அவற்றை எப்படி எரிப்பது என்பதுதான் கேள்வி.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு பானைக்கு வரும், புகையும் மிகும். தை, மாசியில் வெட்டி, கைக்கனம் உள்ள துண்டுகளாகப் பிளந்து, சித்திரை வெயிலில் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் கூரையடியில் தரையில் படாமல் அடுக்கினால் அதே விறகு கூடுதல் நாட்களுக்கு வரும். நனைந்த விறகை எரிப்பவர் விறகைக் கொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குகிறார் என்றே சொல்லலாம்.

மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் நூற்றுக்குச் சுமார் 10 பங்குதான் பானைக்குள் போகிறது. மற்றவை பக்கவாட்டில் வீணாகின்றன. இரண்டு பானைக்கு ஒரே தீயில் சூடு போகும் கொடியடுப்பு இதை ஓரளவு சரிசெய்தது. புகைபோக்கி வைத்த புகையில்லா அடுப்பை ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியியல் வல்லுநர் 1950-களிலேயே உருவாக்கினார். பின்னர் 1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் கோடிக்கணக்கில் அடுப்புகளைப் போட்டுக் கொடுத்தது. 2002-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. போட்ட அடுப்புகளில் பல சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

காரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். எண்ணிக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அடுப்புகள் கட்டப்பட்டன. வீட்டிலுள்ள பானையின் வாய் எவ்வளவு, விறகு எவ்வளவு நீளம், அந்தப் பெண் நின்று சமைப்பவரா உட்கார்ந்து சமைப்பவரா என்று பல இடங்களில் யாரும் கேட்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைந்தால் துடைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அடைப்பு ஏற்பட்டதும் புகை திரும்ப வீட்டுக்குள் வந்தது, அடுப்பு இடிக்கப்பட்டது. அடுப்பைப் புழங்குபவரைக் கேட்காமல் செய்த சீர்திருத்தம் அடுப்படியில் நிலைக்காது என்பதே இதில் கற்க வேண்டிய பாடம். இன்று புதிதாக அடுப்பு கட்டுவோர், பாத்திரத்தை முன்னால் வைத்து அளந்து கட்ட வேண்டும். புகைபோக்கியை மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

சாணம் எரியக் கூடாது

மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் தொழுவத்தில் கிடக்கிறது. சாண எரிவாயுக் கலம் புதிய சரக்கல்ல. மிதக்கும் டிரம் உள்ள கதர் கிராமத் தொழில் குழுவின் கலம் பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளது. டிரம் இல்லாமல் செங்கல்லால் கூரை எழுப்பும் ஜனதா கலம் 1978-இலும், செலவு குறைந்த தீனபந்து கலம் 1984-இலும் வந்தன. 1981-82-இல் தேசிய அளவில் திட்டம் தொடங்கி ஊர் ஊராகக் கலங்கள் கட்டப்பட்டன. இன்று அவற்றில் பல, தொழுவத்துப் பின்புறம் குப்பைக் குழியாகக் கிடக்கின்றன. சிலிண்டர் வந்துவிட்ட பிறகு சாணம் எதற்கு என்ற எண்ணம் ஒரு காரணம். சிறு பழுது வந்தபோது பார்க்க ஆள் கிடைக்காதது மற்றொரு காரணம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் எரிவாயு கிடைக்கும். 25 கிலோ சாணம் நாள்தோறும் இட்டால் ஒரு கன மீட்டர் கிடைக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்கு இது போதும். ஒரு பர்னர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். மாதம் முழுவதும் கிடைப்பது 12.9 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு சிலிண்டர். மழைக்காலத்திலும் குளிர்ந்த மார்கழியிலும் வாயு குறையும் என்பதால், சிலிண்டரைக் கைவிடாமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று சிலிண்டரோடு குடும்பம் ஓடிவிடும்.

லாபம் இத்தோடு நிற்பதில்லை. ஆண்டுக்கு 9 டன்னுக்கு மேல் சாணம் கலத்தின் வழியே போய்க் கழிவுக் குழம்பாக வெளிவருகிறது. எரிவது வாயு மட்டுமே. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குழம்பிலேயே தங்குகின்றன. களை விதைகளில் பெரும்பாலானவை முளைப்புத்திறன் இழந்துவிடுகின்றன. ஈயும் நாற்றமும் குறைகின்றன. குழம்பை நேரடியாக வாய்க்காலில் விடலாம். அல்லது காய்ந்த சருகு, கரும்புத் தோகையோடு அடுக்கி மட்கவைக்கலாம். வெயிலில் காயவிடுவது மட்டும் கூடாது. தழைச்சத்து காற்றில் போய்விடும். வறட்டி தட்டும் வீட்டுக்கு அடுப்பு மட்டும் எரிகிறது. கலம் உள்ள வீட்டுக்கு அதே சாணத்தில் அடுப்பும் எரிகிறது, வயலும் விளைகிறது.

ஆனால் எல்லோரும் கட்டலாமா என்றால், கூடாது. ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். எருமையானால் 15 கிலோ வரை. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டில் விழுந்துவிடும். ஆகவே தொழுவத்தில் கட்டித் தீனி போடும் மூன்று மாடாவது இல்லாதவர் கலம் கட்ட வேண்டாம். மாட்டை விற்றுவிடும் எண்ணம் உள்ளவரும் வேண்டாம். அதிகாரி சொன்னார், மானியம் வருகிறது என்று தேவைக்கு மேல் பெரிய கலம் கட்டியவர்களின் கலங்கள் பட்டினி கிடந்து முதலில் செத்தன. 50 கிலோ கேட்கும் 2 கன மீட்டர் கலத்துக்கு 25 கிலோ போட்டால் கட்டிய பணத்தில் பாதி மண்ணுக்குள் முடங்கும்.

கட்டுபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கலம் அடுப்படிக்கு அருகில், வெயில் படும் இடத்தில், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மண்ணும் கல்லும் வைக்கோலும் நீக்கி, நாள்தோறும் ஒரே அளவில் ஊற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரும் பினாயிலும் தொட்டிக்குள் போகக் கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். குழாயில் தேங்கும் நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். பழைய கலங்கள் பலவற்றில் வாயு வராததற்குக் காரணம் இந்த நீர்தான். இரும்பு டிரம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் வர்ணம் பூச வேண்டும். பழைய கலத்தைத் தூர்வாரும்போது யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் வாயுவால் மூச்சடைத்து உயிர் போகும். கலத்தைத் திறந்து பல நாட்கள் காற்றாடவிட்டு, பழக்கமுள்ளவரைக் கொண்டே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மீட்டரில் எது பெரிது?

மின்சாரத்துக்கு வருவோம். பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் கோவைப் பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்ததும், பெருமாநல்லூரில் உயிர்ப்பலி நேர்ந்ததும் பலர் அறிந்ததே. யூனிட்டுக்கு ஒரு காசு என்றாலும் அது உழவரின் காசு என்று காட்டிய போராட்டம் அது. வயலில் அவ்வளவு கணக்குப் பார்த்தவர்களின் வழிவந்தோர் வீட்டில் மட்டும் கணக்குப் பாராமல் இருப்பது பொருந்தாது.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்து யாரும் கணக்கிடலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்கூட ஆகாது. இந்த மாற்றம் பெரும்பாலான வீடுகளில் நடந்துவிட்டது. ஆகவே விளக்கில் இனி மிச்சப்பட அதிகம் இல்லை.

மிச்சம் இருப்பது விசிறியில். 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் தின்னும். இத்தகைய இரண்டு விசிறிகள் ஓடும் வீட்டில் அவை மட்டுமே 135 யூனிட் ஆகிவிடும். புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 27 யூனிட்டில் முடியும். வீட்டிலுள்ள எல்லா விசிறியையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். இரவு முழுவதும் ஓடும் ஒன்றை முதலில் மாற்றினால் போதும்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். அரைக் குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 30 யூனிட். தொட்டி நிரம்பி வழிவதும், சொட்டும் குழாயும், நீர் இறங்கிவிடும் ஃபுட்வால்வும் இதை இரட்டிப்பாக்கும். மூன்றாவது, வெந்நீர். 1,500 வாட் சூட்டுக் கம்பியை நாளுக்கு அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இதற்கு மின்சாரமும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். மாடியிலோ முற்றத்திலோ கறுப்புக் குழாயைச் சுருட்டி வைத்து நீரை நிரப்பினால் மாலையில் குளிக்க வெந்நீர் கிடைக்கும். விடிகாலையில் தேவைப்பட்டால் தென்னை மட்டையும் சிரட்டையும் இருக்கவே இருக்கின்றன.

அடுக்கு முறைக் கட்டணத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழகத்தில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடியிருந்தால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடியது. எல்லையைத் தாண்டியதும் கீழ் அடுக்குகளில் இருந்த சலுகை பறிபோனதே காரணம். அதன் பின் 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. விகிதம் மாறினாலும், எல்லையைத் தாண்டாமல் இருப்பதே லாபம் என்ற விதி மாறாது. அண்ணன், தம்பி குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கணக்கெடுத்த 30-ஆம் நாள் மீட்டரைத் தாங்களே பார்த்துக் குறித்துக்கொண்டால் மீதி 30 நாளில் கையைச் சுருக்க முடியும். இதற்கு அஞ்சி, பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

எதை வாங்கக் கூடாது?

சிக்கனத்தின் பெயரால் கடன் வாங்குவது சிக்கனம் அல்ல. 2024 பிப்ரவரியில் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு பெரிய மானியத் திட்டம் அறிவித்தது. அதிக மின்சாரம் ஓடும் வீட்டுக்கு அது நல்ல திட்டமே. ஒரு கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். ஆனால் 150 யூனிட் மட்டுமே ஓடும் சிறு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022 கட்டணப்படி அது காசு கொடுத்தது 50 யூனிட்டுக்கு மட்டும். யூனிட் 2 ரூபாய் 25 காசு வீதம் ஆண்டுக்கு 675 ரூபாய். மானியம் போக மீதிக்குக் கடன் வாங்கினால் அந்த மிச்சம் வட்டிக்கே போதாது. அந்தப் பணத்தைப் பழைய எரிவாயுக் கலத்தைச் சீர்செய்யவும், ஒரு விசிறியை மாற்றவும், ஒரு நல்ல குக்கர் வாங்கவும் செலவிட்டால் பலன் உடனே தெரியும்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் காசில்லாத பழக்கங்கள். அடுத்து விறகை உலர்த்துதலும் அடுப்பைச் சீர்செய்தலும். மூன்று மாடு உள்ளவர்களுக்குச் சாண எரிவாயு. பிறகு இரவு விசிறியும் மோட்டாரும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்தான்.

அரசுத் துறையினரும் விரிவாக்கப் பணியாளரும் சிந்திக்க வேண்டியதும் உண்டு. எத்தனை கலம் புதிதாகக் கட்டினோம் என்ற கணக்கைவிட எத்தனை கலம் இன்று எரிகிறது என்ற கணக்கே மேலானது. ஒன்றியத்துக்கு இரண்டு கொத்தனார்களுக்காவது கலம் பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெயரை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால், கிடப்பில் கிடக்கும் கலங்களில் பல மீண்டும் எரியும். பயிற்சிக் கூட்டங்களுக்கு ஆண்களை மட்டும் அழைத்து எரிபொருள் பற்றிப் பேசுவதையும் நிறுத்த வேண்டும். வீட்டில் எவ்வளவு விறகு எரிகிறது, சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று அறிந்தவர் அடுப்படியில் இருக்கிறார்.

உழவர்களும் அவ்வாறே செய்யலாம். சிலிண்டர் மாட்டிய தேதியை அடுப்படிச் சுவரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இன்றைய பழக்கத்தில் அது எத்தனை நாள் வருகிறது, மேலே சொன்னவற்றைக் கடைப்பிடித்த பின் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு நாளும் குடும்பத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தை எதற்குச் செலவிடுவது என்பதை, அதைச் சேர்த்துக் கொடுத்தவரையே கேட்டு முடிவு செய்வதுதான் முறை.